முந்திரி தகரமாகும் கதை... ஒரு பூஜ்ஜியம் தொலைந்தால் துறைமுகத்தில் என்ன நடக்கும்?

"அண்ணாச்சி, கோடு தப்புன்னு சொல்லுது."

"ஏம்மா, போன வாரம் உப்புக்குப் போட்டப்போ சரியாத்தானே போச்சு?"

தூத்துக்குடியில் ஒரு சின்ன ஏற்றுமதி அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சாயங்காலம் 4 மணி. உறைந்த இறால் ஏற்றிய குளிர்பதன கன்டெய்னர், லாரி மேல் காத்திருக்கிறது. இரவு 8 மணிக்குள் வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்குள் போகாவிட்டால் இந்தக் கப்பல் போச்சு. அடுத்த கப்பல் வரும்வரை கன்டெய்னருக்கு வாடகை, குளிரூட்ட கரன்ட் செலவு, வெளிநாட்டில் சரக்குக்காகக் காத்திருப்பவரின் கோபம்... எல்லாம் அண்ணாச்சி தலையில்தான். கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் பெண், பொருளின் கோடு எண்ணை மூன்று முறை அழித்து அழித்து அடித்துவிட்டார். மூன்று முறையும் சிவப்பு எழுத்தில் ஒரே பதில்: 'தவறான கோடு.'

அவர் அடித்தது சரியான கோடுதான். தப்பு, அந்த சாஃப்ட்வேரை எழுதியவருடையது.

உலக வணிகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஹெச்.எஸ் கோடு என்று ஓர் எண் உண்டு. உப்புக்கு 2501. இறால், நண்டு வகையறாவுக்கு 0306. முந்திரிக்கு 0801. இந்தியாவில் இதையே இன்னும் நுணுக்கமாகப் பிரித்து 8 இலக்கமாகப் பயன்படுத்துகிறோம். முதல் 2 இலக்கம், பொருள் எந்த 'அத்தியாயத்தில்' வருகிறது என்பதைச் சொல்லும்.

இந்த அலுவலகத்துக்கு சாஃப்ட்வேர் எழுதியவர், கோடு என்ற பெட்டியை 'எண்' என்று எழுதிவைத்துவிட்டார். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை எண்ணுக்கு முன்னால் வரும் பூஜ்ஜியத்துக்கு மதிப்பு கிடையாது. 0306 உள்ளே போனதும் 306 ஆகிவிடும். எழுதிய அன்று உப்பை வைத்துச் சோதித்துப் பார்த்திருப்பார். 2501 என்பது 2501 ஆகவே போயிருக்கும். உப்பளம் சூழ்ந்த ஊரில் வேறு எதை வைத்து டெஸ்ட் பண்ணுவார்கள்? பிரச்னை இறால் வரும்போதுதான் தலைகாட்டும்.

'தவறான கோடு' என்று தடுத்து நிறுத்தியதுகூட ஒருவகையில் நல்லதுதான். தடுக்காமல், முன்னால் இருக்கும் 2 இலக்கத்தை மட்டும் பார்த்து வேலையைத் தொடரும் புரோகிராமாக இருந்தால்? 306-ல் முதல் 2 இலக்கம் 30. அது மருந்துப் பொருட்களின் அத்தியாயம். இறால் மருந்தாகிவிடும். முந்திரியின் 0801, 801 ஆகி, 80-வது அத்தியாயமான தகரத்தில் போய் விழும். மிளகின் 0904, 904 ஆகி 90-வது அத்தியாயத்துக்குப் போகும். அங்கே இருப்பவை கண்ணாடி லென்ஸும் மருத்துவக் கருவிகளும். 01 முதல் 09 வரையான அத்தியாயங்களில்தான் மீன், பால், காய்கறி, பழம், டீ, காபி, மசாலா எல்லாம் வருகின்றன. அதாவது, கடலிலும் காட்டிலும் விளைந்து இந்தத் துறைமுகம் வழியே போகும் பல பொருட்களுக்கு முதல் எழுத்தே பூஜ்ஜியம்தான்.

புரோகிராம் எழுதுபவர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 'ஆர்கியூமென்ட் டைப் மிஸ்மேட்ச்.' பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். மாவு மில்லுக்குப் போயிருப்பீர்கள். மிளகாய்க்கு ஒரு மெஷின், கோதுமைக்கு ஒரு மெஷின். தூக்கை வாங்கும்போதே மில்காரர், "மிளகாயா, கோதுமையா?" என்று கேட்டுவிடுவார். கேட்காமல் கொட்டினால் அன்றைக்கு வீட்டில் சப்பாத்தியே காரம்தான். புரோகிராமில் அந்த மெஷினுக்குப் பெயர் ஃபங்ஷன். அதில் கொட்டுவது ஆர்கியூமென்ட். அது மிளகாயா, கோதுமையா என்பது டைப். மெஷின் எதிர்பார்த்தது ஒன்று, கொட்டியது வேறொன்று என்றால் மிஸ்மேட்ச்.

வெப்சைட்டுகளில் இது அடிக்கடி நடக்க ஓர் அடிப்படைக் காரணம் இருக்கிறது. ஒரு படிவத்தில் நீங்கள் வயது, எடை, விலை, தேதி என்று எதை நிரப்பி அனுப்பினாலும், பிரவுசரிலிருந்து அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது எல்லாமே வெறும் எழுத்துகள். 50 என்ற எண் போகாது. '5', '0' என்ற இரண்டு எழுத்துகள்தான் போகும். அதை எண்ணாக மாற்றுவது புரோகிராம் எழுதுபவரின் பொறுப்பு. அவர் மறந்தால் மொழி தானாக எதையாவது செய்து சமாளிக்கும்.

சமாளிப்பு எப்படி இருக்கும்? 1995-ல் வந்த ஜாவாஸ்கிரிப்ட்டைக் கேளுங்கள். '5' மூட்டை உப்பும் '3' மூட்டை உப்பும் எழுத்துகளாக வந்திருந்து, அவற்றைக் கூட்டச் சொன்னால் 53 என்று சொல்லும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடும். அதே இரண்டைக் கழிக்கச் சொன்னால் சமர்த்தாக 2 என்று சொல்லும். பி.ஹெச்.பி-யின் பழைய பதிப்புகளில் 0-வும் 'இறால்' என்ற சொல்லும் சமமா என்று கேட்டால், 'ஆமாம்' என்று பதில் வரும். 2020 நவம்பரில் வந்த 8-வது பதிப்பில்தான் அதற்கு 'இல்லை' என்று சொல்லக் கற்றுக்கொண்டது.

நம் ஊர் கமா இன்னும் மோசம். சரக்கின் மதிப்பு 1,25,000 ரூபாய் என்று ஒருவர் அழகாக கமா வைத்து அடிக்கிறார். ஜாவாஸ்கிரிப்ட்டில் இதை எண்ணாக்க பலரும் பயன்படுத்தும் 'பார்ஸ்இன்ட்' என்ற கட்டளை, முதல் கமாவைப் பார்த்ததும் நின்றுவிடும். கிடைக்கும் மதிப்பு 1. ஒன்றேகால் லட்சம் ஒரு ரூபாய் ஆகிவிட்டது. சத்தம் இல்லை, சிவப்பு எழுத்து இல்லை. 'நம்பர்' என்ற இன்னொரு கட்டளை கமாவைப் பார்த்தால் 'இது எண்ணே இல்லை' என்று சொல்லிவிடும். பரவாயில்லை என்று தோன்றுகிறதா? அதே கட்டளையிடம் காலிப் பெட்டியைக் கொடுத்தால் 0 என்று சொல்லும். எடையை எழுத மறந்த கன்டெய்னரின் எடை பூஜ்ஜியம் டன்!

இதில் தொலைந்த பூஜ்ஜியத்தையாவது மீட்டுவிடலாம். 8 இலக்கம் இருக்க வேண்டிய கோடில் 7 மட்டும் இருந்தால், முன்னால் ஒரு பூஜ்ஜியம் போட்டுச் சரிசெய்யலாம். 1 ரூபாய் என்று பதிவான சரக்கின் நிஜ மதிப்பை எங்கே போய்த் தேடுவது? அதனால்தான் அனுபவசாலிகள், சத்தம் போட்டு நிற்கும் புரோகிராமைவிட சத்தமில்லாமல் தொடரும் புரோகிராமுக்கே அதிகம் பயப்படுவார்கள்.

எக்செல் உபயோகிப்பவர்களுக்கு இந்த அவஸ்தை ஏற்கெனவே பழக்கம். முன்னால் இருக்கும் பூஜ்ஜியத்தை விழுங்குவது, எதைப் பார்த்தாலும் தேதி என்று நினைத்துக்கொள்வது எல்லாம் அதன் குணம். மனித மரபணுக்களில் சிலவற்றின் சுருக்கப் பெயர் 'மார்ச்1', 'செப்ட்1' என்று இருந்தது. எக்செல் அவற்றை மார்ச் 1, செப்டம்பர் 1 என்று மாற்றி, விஞ்ஞானிகளின் ஆராய்ச்சிப் பட்டியல்களையே குழப்பியது. கடைசியில் 2020-ல், மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது. எக்செல் ஜெயித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

எதை எண்ணாக வைப்பது, எதை எழுத்தாக வைப்பது? வீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பிள்ளை இருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். 'இரண்டு எடுத்துக் கூட்டினால் அர்த்தம் வருமா?' இரண்டு கன்டெய்னரின் எடையைக் கூட்டலாம், அது எண். தூத்துக்குடியின் பின்கோடு 628001-ஐயும் பக்கத்து ஊர் பின்கோடையும் கூட்டி என்ன செய்வது? போன் நம்பர், ஆதார் எண், ஹெச்.எஸ் கோடு எல்லாம் எண் வேஷம் போட்ட பெயர்கள். பெயரை எழுத்தாகத்தான் வைக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் கன்டெய்னர்காரர்கள் ரொம்பத் தெளிவு. துறைமுகச் சாலையில் லாரி போகும்போது கன்டெய்னரின் முதுகைப் பாருங்கள். 4 ஆங்கில எழுத்து, 6 இலக்கம், கடைசியாகக் கட்டம் கட்டிய ஓர் இலக்கம். 4-வது எழுத்து பெரும்பாலும் 'யு' என்றுதான் இருக்கும். சரக்கு கன்டெய்னர் என்பதன் அடையாளம் அது. எந்த இடத்தில் எழுத்து, எந்த இடத்தில் இலக்கம் என்று முன்கூட்டியே முடிவாகிவிட்டதால், 'ஓ' என்ற எழுத்தையும் பூஜ்ஜியத்தையும் மாற்றி அடித்தால் உடனே பிடித்துவிடலாம். கட்டத்துக்குள் இருக்கும் கடைசி இலக்கம், முன்னால் உள்ள 10-ஐயும் வைத்துப் போட்ட ஒரு கணக்கின் விடை. எங்கேயாவது கை தவறியிருந்தால் பெரும்பாலும் விடை ஒத்துவராது. வங்கிகளின் ஐ.எஃப்.எஸ்.சி கோடும் இப்படித்தான். தூத்துக்குடியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியின் கோடு 'டி.எம்.பி.எல்' என்ற 4 எழுத்துகளில் தொடங்கும். எந்த வங்கியாக இருந்தாலும் 5-வது இடத்தில் இருப்பது பூஜ்ஜியம்தான், 'ஓ' கிடையாது. பணம் அனுப்பும்போது தடுமாறுகிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

எண் என்றால் எண்தான், எழுத்து என்றால் எழுத்துதான் என்று பிரித்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. கடலுக்குள் போனால் இன்னும் ஆபத்தான ஒரு மிஸ்மேட்ச் காத்திருக்கிறது. இரண்டு பக்கமும் சரியான எண். ஆனால், அர்த்தம் மட்டும் வேறு.

மன்னார் வளைகுடாவில் ஒரு படகின் இன்ஜின் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். படகில் இருப்பவர் ஜி.பி.எஸ் கருவியைப் பார்த்து வயர்லெஸ்ஸில் சொல்கிறார்: "எட்டு, நாப்பத்தஞ்சு... எழுபத்தெட்டு, பதிமூணு." கரையில் இருப்பவர் அதை ஒரு வெப் படிவத்தில் 8.45, 78.13 என்று அடிக்கிறார். படிவம் சந்தோஷமாக ஏற்றுக்கொள்கிறது. இரண்டுமே எண்கள்தானே!

படகில் இருந்தவர் சொன்னது 8 டிகிரி 45 நிமிடம், 78 டிகிரி 13 நிமிடம். தூத்துக்குடி துறைமுகத்துக்கே அதுதான் அடையாளப் புள்ளி. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் 45 நிமிடம் என்பது முக்கால் டிகிரி. தசமத்தில் எழுதினால் 8.75. ஆனால், படிவத்தில் இருப்பது 8.45. வித்தியாசம் 18 நாட்டிக்கல் மைல், ஏறக்குறைய 33 கிலோமீட்டர். துறைமுகத்துக்குப் பக்கத்தில் தத்தளிக்கும் படகை, திருச்செந்தூருக்கும் தெற்கே போய்த் தேடிக்கொண்டிருப்பார்கள். இருட்டும் நேரத்தில் 33 கிலோமீட்டர் என்பது சின்ன விஷயமில்லை.

மீன் அதிகம் கிடைக்கும் பகுதிகளை மீனவர்களுக்குச் சொல்லும் ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனம், டிகிரி, நிமிடம், விநாடி என்று இடத்தைத் தருகிறது. போனில் இருக்கும் மேப் தசமத்தில் காட்டுகிறது. மன்னார் வளைகுடாவில் இந்திய-இலங்கை கடல் எல்லையை வகுத்த 1976 ஒப்பந்தம், டிகிரியும் நிமிடமுமாகப் பேசுகிறது. எல்லை எந்தப் பக்கம் என்பது சிறைக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசமாகிவிட்ட கடலில், இப்படிப்பட்ட கணக்குப் பிழைக்கு இடமே கிடையாது.

இரண்டு எண்ணின் வரிசை மாறினாலும் விபரீதம்தான். சில மேப் சாஃப்ட்வேர்கள் அட்சரேகையை முதலில் கேட்கும், சில, தீர்க்கரேகையை. 8.75-ஐயும் 78.22-ஐயும் மாற்றிக் கொடுத்தால் தூத்துக்குடி படகு நேராக ஆர்க்டிக் கடலுக்குப் போய்விடும். இந்தியாவின் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் பக்கத்தில்!

இந்தப் பிரச்னையை இந்தக் கரையின் முத்து வியாபாரிகள் கம்ப்யூட்டர் வருவதற்கு வெகுகாலம் முன்பே சந்தித்திருக்கிறார்கள். ஒரே முத்துக்குப் பல எண்கள் இருந்தன. பித்தளைச் சல்லடைகள் வரிசையாக இருக்கும். ஓட்டைகளின் எண்ணிக்கையே சல்லடையின் எண். முத்து எந்தச் சல்லடையில் நிற்கிறதோ அது அதன் அளவு. பிறகு, மஞ்சாடிக் கணக்கில் எடை. அதற்கும் பிறகு, விலைக்காக 'செவ்வு' என்று ஒரு கணக்கு. அது எடையோடு நேராக ஏறாது, எடையின் வர்க்கத்தோடு ஏறும். எடை 2 மடங்கு என்றால் செவ்வு 4 மடங்கு. உருண்டு திரண்ட முதல்தர முத்துக்கு 'ஆணி' என்று தனிப்பெயர். சல்லடை எண்ணையும் மஞ்சாடியையும் செவ்வையும் எந்த வியாபாரியும் குழப்பிக்கொள்ள மாட்டார். குழப்பினால் முதலுக்கே மோசம். ஒவ்வோர் எண்ணோடும் அது என்ன எண் என்ற பெயரும் சேர்ந்தே வாயில் வரும். தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். கம்ப்யூட்டருக்கோ இந்த மூன்றும் வெறும் எண்தான். மஞ்சாடி கேட்கும் ஃபங்ஷனுக்கு செவ்வைக் கொடுத்தால் வாங்கிப் போட்டுக்கொள்ளும். அதனால்தான் நல்ல புரோகிராமர்கள் 'எண்' என்று மட்டும் எழுதாமல், 'எடை-டன்', 'அட்சரேகை-தசமம்' என்று தனித்தனி டைப்பே உருவாக்கிக்கொள்கிறார்கள்.

உலகத்தின் மிகப் பிரபலமான டைப் கோளாறு நடந்தது ஒரு ராக்கெட்டில். 1996 ஜூன் 4. ஐரோப்பாவின் ஏரியன்-5 முதல்முறையாகக் கிளம்பியது. 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்ற முயன்றது அதன் சாஃப்ட்வேர். 16 பிட்டில் அடங்கும் அதிகபட்ச மதிப்பு 32,767. வந்த எண் அதைவிடப் பெரியது. முந்தைய ஏரியன்-4 ராக்கெட்டில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வந்ததில்லை என்பதால், அந்த சாஃப்ட்வேரை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். உப்பை வைத்து டெஸ்ட் செய்துவிட்டு இறாலை அனுப்பிய அதே கதை! கிளம்பி 40 விநாடிகூட ஆகவில்லை, ராக்கெட் வானத்திலேயே சிதறியது. அதே தூத்துக்குடி மாவட்டத்தில் குலசேகரன்பட்டினத்தில், 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட இஸ்ரோவின் புதிய ஏவுதளம் உருவாகிவருகிறது. அங்கே வேலைக்குப் போகும் கனவோடு கோடிங் படிக்கும் உள்ளூர் பிள்ளைகள் இந்தக் கதையை ஒருமுறை தேடிப் படிக்கலாம்.

சரி, அண்ணாச்சி அலுவலக சாஃப்ட்வேரை எப்படிச் சரிசெய்வது?

மாவு மில்காரர் செய்வதைத்தான் செய்ய வேண்டும். வாசலிலேயே கேட்க வேண்டும். வரும் எல்லாவற்றையும் முதலில் எழுத்தாகவே வாங்கி, அதன் வடிவத்தைப் பார்த்து, சரியாக இருந்தால் மட்டும் தேவையான டைப்புக்கு மாற்றி உள்ளே அனுப்ப வேண்டும். கோடு என்றால் 8 இலக்கம் இருக்கிறதா? எடை காலியாக இருக்கிறதா, பூஜ்ஜியமா? கமா இருந்தால், அதை எடுத்துவிட்டுப் பார்க்கலாமே. 'நிமிடம்' என்ற பெட்டியில் 60-க்கு மேல் வந்தால் யாரோ தசமத்தை அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். டிகிரிக்கு ஒரு பெட்டி, நிமிடத்துக்கு ஒரு பெட்டி என்று பிரித்துவிட்டாலே குழப்பத்தில் பாதி போய்விடும்.

இந்தச் சோதனையைப் பிரவுசரில் மட்டும் வைத்தால் போதாது. அதைத் தாண்டி நேராக சர்வருக்குத் தகவல் அனுப்ப வழிகள் உண்டு. 2012-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த டைப்ஸ்கிரிப்ட்டை நம்பி இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அது எழுதும்போது டைப்பை அக்கறையாகச் சரிபார்க்கும். ஆனால், புரோகிராம் ஓடும்போது அந்த டைப் குறிப்புகள் எதுவும் மிஞ்சியிருக்காது. வெளியிலிருந்து வரும் தகவலை அப்போது யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. சர்வரிலும் ஒரு வாசல்காரர் வேண்டும். பி.ஹெச்.பி-யில் 'ஸ்ட்ரிக்ட் டைப்ஸ்' என்ற ஒரு வரியை ஃபைலின் தலையில் எழுதினால், அந்த ஃபைலிலிருந்து ஃபங்ஷன்களுக்குத் தப்பான டைப் போகும்போது தானாகச் சமாளிக்காமல் நின்று சத்தம் போடும்.

எண் அடிக்கும் பெட்டி என்றாலே ஹெச்.டி.எம்.எல்-லில் 'டைப் நம்பர்' என்று போடும் பழக்கமும் யோசிக்க வேண்டியது. அந்தப் பெட்டியில் கர்சர் இருக்கும்போது மவுஸ் சக்கரத்தை உருட்டினால் சில பிரவுசர்களில் எண்ணே மாறிவிடும். அடித்தவருக்குத் தெரியவே தெரியாது. பிரிட்டன் அரசு இணையதளங்களின் வடிவமைப்புக் குழு, 2020-ல் இந்த வகைப் பெட்டியைக் கைவிட்டு, சாதாரண எழுத்துப் பெட்டிக்கே திரும்பியது. போனில் எண் கீபோர்டு மட்டும் வரும்படி தனியாகச் சொல்லிவிட்டால் போதும்.

கடைசியாக, பிழைச் செய்தி. இதில்தான் பெரும்பாலான சாஃப்ட்வேர்கள் மனிதரை மறந்துவிடுகின்றன. தப்பான டைப் வந்தால் சில வெப்சைட்டுகள் '500' என்று ஒரு பக்கத்தைக் காட்டும். 500 என்றால், 'சர்வரில் கோளாறு' என்று அர்த்தம். '400' என்றால், 'நீங்கள் அனுப்பியதில் சிக்கல்' என்று அர்த்தம். இரண்டையும் மாற்றிச் சொன்னால், அடித்தவர் தன் தப்பு என்று தெரியாமல் திரும்பத் திரும்ப அதையே அனுப்பிக்கொண்டிருப்பார். இன்னும் சில சாஃப்ட்வேர்கள், 'மெத்தட் ஆர்கியூமென்ட் டைப் மிஸ்மேட்ச் எக்ஸெப்ஷன்' என்று தொடங்கி 40 வரிக்கு உள்வயிற்றைத் திறந்து காட்டும். திருடனுக்கு வீட்டு வரைபடம் கொடுப்பது போலத்தான் அது. அந்த 40 வரியும் புரோகிராமரின் பதிவேட்டுக்குப் போகட்டும். திரையில் வர வேண்டியது, எந்தப் பெட்டி, என்ன எதிர்பார்த்தோம், என்ன வந்தது என்ற ஒரு வரி மட்டும். அதுவும் அடிப்பவருக்குப் புரியும் மொழியில்.

அண்ணாச்சி அலுவலகத்தில் சிவப்பு எழுத்து இப்படி வந்திருந்தால்?

'பொருள் கோடு 8 இலக்கம் இருக்க வேண்டும். எங்களுக்கு வந்தது 7 இலக்கம். முதலில் பூஜ்ஜியம் இருக்கிறதா என்று பாருங்கள்.'

அந்தப் பெண் தன் பேப்பரைப் பார்ப்பார். பூஜ்ஜியம் இருக்கிறது. அடித்ததையும் பார்ப்பார். அங்கேயும் இருக்கிறது. அப்படியென்றால் அதை விழுங்கியது யார் என்று சட்டென்று புரிந்துவிடும். "அண்ணாச்சி, நாம சரியாத்தான் போட்டிருக்கோம். சாஃப்ட்வேர்காரருக்கு போனைப் போடுங்க." மணி 4.10. துறைமுகத்துக்கு லாரி போக இன்னும் நேரம் இருக்கிறது.